ஹெட்செட்டில் ஆபீஸ், நேரில் ஆபீஸ்: பாளையங்கோட்டையிலிருந்து வேலை பார்த்த அனுபவம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டால், "ஹெட்செட் ஒன்று வாங்கிக்கோங்க, நேரில் இருப்பது போலவே இருக்கும்" என்று சொல்கிற அலுவலகங்கள் இப்போது ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருக்கின்றன. காதில் மாட்டுவது இல்லை இது, கம்ப்யூட்டர் உருவாக்கும் முப்பரிமாண உலகைக் கண்முன் காட்டும், முகத்தில் மாட்டும் விஆர் ஹெட்செட். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பி ஒரு வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து சென்னை அலுவலகத்தின் வேலையைப் பார்த்தேன். தொடங்கும் முன் தேடியபோது தமிழில் கிடைத்ததெல்லாம் கேம் விளையாடுகிறவர்களின் வீடியோக்கள்தான். வேலைக்காகத் தினமும் மணிக்கணக்கில் மாட்டினால் கழுத்து என்னாகும், கண் என்னாகும், வருஷக் கடைசியில் சம்பள உயர்வு என்னாகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் தனியாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதே முடிவை எடுக்கப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பைப்பிங் டிசைனர். ரசாயன ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் ஓடும் குழாய்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக உருவாக்குவது எங்கள் வேலை. எந்தக் குழாய் எதன்மேல் போகும், வால்வ் எங்கே இருக்கும், ஆள் போய் அதைத் திருப்ப வழி உண்டா என்றெல்லாம் மாடலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மாடல் 30 சதவீதம், 60 சதவீதம், 90 சதவீதம் என்று வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் கிளையன்ட்டோடு உட்கார்ந்து மாடல் ரிவ்யூ நடக்கும். வழக்கமாக ஒரு பெரிய அறை, ஒரு புரொஜெக்டர், மவுஸைப் பிடித்து மாடலைச் சுற்றிக்காட்ட ஒருவர், சுற்றிலும் பதினைந்து பேர். மவுஸ் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்தைத்தான் அத்தனை பேரும் பார்க்க முடியும். நேரில் வேலை பார்ப்பதுதான் உயர்ந்தது என்று சொல்கிறவர்கள் இந்த அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் அலுவலகம் திரும்பிவிட்டிருந்த நேரத்தில் அம்மா வீட்டில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, அதன்பின் பல மாதம் கூடவே ஆள் தேவை. அப்பா இல்லை, அண்ணன் வெளிநாட்டில். வேலையை விடுவதாக மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், போக விடவில்லை. அலுவலகத்தில் அப்போது ஒரு கிளையன்ட்டுக்காக ஹெட்செட் மாட்டி மாடல் ரிவ்யூ செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க ஊரிலிருந்தே ஹெட்செட்டில் வந்துடுங்க மேடம், யாருக்கும் வித்தியாசமே தெரியாது" என்றார். லேப்டாப்பை அலுவலகம் தந்தது. ஹெட்செட் மட்டும் சோதனைக் கணக்கில் வாங்கியது என்பதால் வெளியூருக்குத் தர விதி இல்லையாம். வேண்டுமானால் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் "பிறகு" இன்றுவரை வரவில்லை.

பணக் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது நல்ல ஹெட்செட்டுகள் பலவும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகனிடம் சொல்லி வாங்கினேன், ஏறக்குறைய 42,000 ரூபாய். பெட்டியோடு வரும் துணிப்பட்டை அரை மணி நேரத்துக்குமேல் தாங்காது என்று புரிந்ததும் பின்னால் பேட்டரி வைத்த கெட்டியான பட்டை 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான் கண்ணாடி போடுகிறவள். ஹெட்செட்டுக்குள் கண்ணாடியைத் திணித்தால் இரண்டு லென்ஸும் உரசிக் கீறல் விழும் என்பதால் என் பவருக்கு உள்ளே பொருத்தும் லென்ஸ் 6,000. வைஃபை 6 ரவுட்டர் 8,000. கரண்ட் போனால் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஓட்ட ஒரு சின்ன யூபிஎஸ் 3,000. கூடவே இன்டர்நெட் பிளானையும் மாதம் சில நூறு ரூபாய் அதிகமுள்ளதாக மாற்றினேன். மொத்தத்தில் 66,000 ரூபாய் கையை விட்டுப் போனது, அதுவும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு முடிந்த கையோடு. விற்கிறவர்கள் ஹெட்செட்டின் விலையை மட்டும்தான் சொல்வார்கள். அதில் பாதிக்குமேல் இன்னொரு தொகையைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள், எனக்குச் செல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், யார் பணம் கொடுப்பது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது ஹெச்ஆரிடம் எடுபடாது.

சரி, முதலில் நல்லதைச் சொல்கிறேன். முதல் ரிவ்யூ அன்று நான் பரவசப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். எட்டு மாதமாகத் திரையில் விரல் அளவுக்குப் பார்த்திருந்த பம்ப் மேடை என் வீட்டு முன்னறையில் நிஜ அளவில் நின்றது. நடந்து உள்ளே போனேன். நானே வரைந்த ஒரு வால்வின் முன்னால் நின்று அதைத் திருப்பும் சக்கரமான ஹேண்ட்வீலைப் பிடிக்கக் கையை நீட்டினால், கை எட்டவில்லை. நடுவே இன்னொரு குழாய். மாடலில் எது எதோடு முட்டுகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும் கிளாஷ் சோதனையில் இது வராது, ஏனென்றால் குழாயும் வால்வும் ஒன்றையொன்று தொடவில்லை. மனிதக் கைதான் போக முடியவில்லை. தலை இடிக்காமல் நடக்க 2.1 மீட்டர் உயரம் விடுவது எங்கள் வேலையில் வழக்கம். அந்த எண்ணைப் பல வருஷமாக மாடலில் அளந்திருக்கிறேன். ஒரு குழாயின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு உயரம் என்று உடம்புக்குத் தெரிந்தது. அன்று மட்டும் இப்படி ஏழெட்டு விஷயங்கள் அகப்பட்டன. புரொஜெக்டர் அறையில் இவை தப்பித்துத்தான் போயிருக்கும். சத்தமும் திசையோடு வந்தது. சிவில் துறைக்காரர் இடதுபக்கமிருந்து பேசினால் இடது காதில் கேட்டது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் வீடியோ காலில் வருகிற குழப்பம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுக்கக் கண்ணை மூடிவிடும் விஆர் வேறு, நம் அறையும் தெரிய அதன்மேல் மாடல் தெரிகிற மிக்ஸ்டு ரியாலிட்டி வேறு. 1994-ல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். ஒரு முனையில் முழு நிஜம், மறுமுனையில் முழுக்கக் கம்ப்யூட்டர் உலகம், நடுவில் இருப்பதெல்லாம் கலவை. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஏட்டு விஷயம் இல்லை. ஹெட்செட்டின் கேமரா வழியாக அம்மாவின் கட்டில், கீபோர்ட், காபி டம்ளர் எல்லாம் எனக்குத் தெரிந்தன. அம்மா எழுந்திருக்க முயன்றால் உடனே போக முடிந்தது. முழு விஆர் மட்டும்தான் இருந்திருந்தால் ஒரு நாள்கூட ஓட்டியிருக்க முடியாது. ஆனால் அந்தக் கேமரா வழியாகப் பார்ப்பது கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. பக்கத்தில் உள்ள பொருள்கள் லேசாக நெளிகின்றன, சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறது, போனில் வந்த ஓடிபியைப் படிக்கக் கழற்றித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு என்னவோ இது கடைசிவரை பிடிக்கவில்லை. "ஏட்டி, யாருட்ட கைய ஆட்டிக்கிட்டு இருக்க? பக்கத்து வீட்டுக்காரி பாத்தா என்ன நினைப்பா?" என்பாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்க்க ஆரம்பித்தேன். ஏப்ரல் மாதத்துத் திருநெல்வேலியில் ஜன்னலைச் சாத்துவது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அப்புறம் உடம்பு. சந்தைக்கு வந்தவற்றில் மெட்டா குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம், 2024-ல் வந்த முதல் ஆப்பிள் விஷன் புரோ 600 முதல் 650 கிராம், அதுவும் தனியே தொங்கும் பேட்டரியைச் சேர்க்காமல். இவற்றில் எதை எடுத்தாலும் முகத்தில் அரைக் கிலோவுக்குமேல். முதல் வாரம் கன்ன எலும்பில் சிவந்த தடம், இரண்டாம் வாரத்தில் பிடரி வலி. பின்பக்கம் பேட்டரி வைத்த பட்டை மாட்டியபின் எடை சரியாகப் பிரிந்து வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பட்டை என் கொண்டைமேல் உட்காரவில்லை. இதைச் செய்தவர்கள் நீளமாக முடி வைத்திருக்கிற பெண்ணை மனதில் வைத்துச் செய்யவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. பின்னலைத் தோள்பக்கம் தழையத் தழையப் போட்டுக்கொண்டுதான் மாட்ட முடிந்தது. கண்மை வைத்தால் வியர்வையில் கரைந்து முகத்துப் பஞ்செல்லாம் கறை. ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தால் மைக்கில் இரைச்சல். பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் வியர்வையும் குறையும், தலைச்சுற்றலும் குறையும். கழற்றிக் கழுவக்கூடிய சிலிக்கோன் உறை ஒன்று வாங்கிவிடுங்கள், முந்நூறு நானூறு ரூபாய்தான்.

கண்ணைப் பற்றி மருத்துவரிடம் கேட்டபோது எளிதாகப் புரியவைத்தார். நிஜத்தில் பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கூடவே கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஹெட்செட்டுக்குள் படம் எந்தத் தூரத்தில் தெரிந்தாலும் கண் குவிய வேண்டிய தூரம் மாறாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டரில் நிலையாக இருக்கும். அதனால் கண்கள் ஒன்று சொல்ல, லென்ஸ் வேறொன்று செய்ய, மூளை இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் எதையாவது வெகுநேரம் உற்றுப் பார்த்தால்தான் இது மிகவும் படுத்தும். இது தெரிந்தபின் மாடலை எப்போதும் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் வைத்துப் பார்க்கப் பழகினேன். இரண்டு கருவிழிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதித் தரும்படி கண் பரிசோதனையின்போதே கேளுங்கள். பல ஹெட்செட்டுகளில் அதற்கென்று ஒரு திருகு இருக்கும். அதைச் சரியாக வைத்த அன்றுதான் பல வாரத் தலைவலி எனக்கு விட்டது. நெற்றியில் தைலம் தேய்த்த காலமெல்லாம் வீண்.

எழுத்தைப் படிப்பது அதைவிடப் பெரிய பாடு. நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரி அகலத்தில் சுமார் 60 புள்ளிகள்வரை பிரித்துப் பார்க்கும் என்பார்கள். குவெஸ்ட் 3-ல் அது 25 அளவில்தான், விஷன் புரோவில் சுமார் 34. அதனால்தான் மாடல் கண்ணைப் பறிக்கிறது, டிராயிங்கில் ஒவ்வொரு பாகத்துக்கும் சின்னதாக எழுதிய அடையாள எண் (டேக்) மட்டும் கலங்குகிறது. முன்னால் ஐந்து பெரிய திரைகள் மிதக்கிற விளம்பரத்தைப் பார்த்து மானிட்டரை விற்றுவிடாதீர்கள். என் அனுபவத்தில் குழாயைப் பார்க்க ஹெட்செட், டிராயிங்கைப் பார்க்கச் சாதாரண 27 அங்குல மானிட்டர். இந்தப் பிரிவினைக்கு வந்தபிறகுதான் வேலை ஓடியது. 2022-ல் ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். 16 பேரை ஒரு வாரம், தினம் எட்டு மணி நேரம் விஆரில் வேலை பார்க்க வைத்து, அதே வேலையைச் சாதாரண மேஜையில் செய்ததோடு ஒப்பிட்டார்கள். கண் சோர்வு 48 சதவீதமும் மன எரிச்சல் 42 சதவீதமும் கூடின. இவர்களைத் தவிர இரண்டு பேர் முதல் நாளே ஒற்றைத் தலைவலி, குமட்டல் என்று விலகிக்கொண்டார்கள். அது பழைய ரக ஹெட்செட், முழு விஆர், உண்மைதான். ஆனாலும் இதை முன்பே படித்திருந்தால் "எனக்கு மட்டும்தான் முடியவில்லையோ" என்று ராத்திரிகளில் அழுதிருக்க மாட்டேன். தொடர்ந்து அரை மணி நேரம், பிறகு பத்து நிமிஷம் கழற்றி வைத்து ஜன்னல் வழியே தூரத்து வேப்பமரத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குமேல் கேட்டால் இப்போது மறுத்துவிடுகிறேன்.

நெட்வொர்க் பற்றிச் சுருக்கமாக. பிளானில் எத்தனை எம்பிபிஎஸ் என்பதைவிட வீட்டுக்குள் ரவுட்டரிலிருந்து ஹெட்செட் வரை உள்ள பாதைதான் முக்கியம். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்துவிட்டு, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அதே அறையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிவியும் அதே அலைவரிசையில் ஓடினால் படம் விக்கும். படம் விக்கினால் தலை சுற்றும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை முதல்நாளே பேப்பரில் பார்த்து, அன்று ரிவ்யூ வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அதைவிட முக்கியமானது, பலரும் யோசிக்காதது: ஹெட்செட்டில் கேமராக்கள் இருக்கின்றன. கிளையன்ட்டின் மாடல் ரகசியம் என்று கையெழுத்துப் போட்டிருப்போம். சொந்த ஹெட்செட்டில் அதை ஏற்றலாமா என்று ஐடி பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். எனக்கு அந்த அனுமதி வரப் பல வாரம் ஆனது, அதுவரை 42,000 ரூபாய்ப் பொருள் அலமாரியில் தூங்கியது.

இவ்வளவும் சமாளிக்கக்கூடியவை. என்னை உண்மையில் உடைத்தது வேறு. ஆரம்பத்தில் அலுவலகத்தில் இருந்தவர்களும் ரிவ்யூவுக்கு ஹெட்செட் மாட்டினார்கள். இருந்தது நாலே செட். ஒருவர் வியர்வை ஊறியதை அடுத்தவர் மாட்ட வேண்டும். யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருவர் தலை சுற்றுகிறது என்றார், ஒருவர் கண்ணாடி இடிக்கிறது என்றார். இரண்டு மூன்று மாதத்தில் அவர்கள் எல்லோரும் பழையபடி புரொஜெக்டர் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் ஹெட்செட்டில். அவர்களுக்கு நான் புரொஜெக்டர் சுவரில் தெரியும் ஒரு கம்ப்யூட்டர் பொம்மை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத, என்னைவிடப் பத்து வயது குறைந்த, எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் பொம்மை. வெளிமாநிலத் திட்டம் ஒன்றில் பிழை கண்டுபிடித்து நான் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தபோதும் அது சிரித்துக்கொண்டுதான் இருந்தது என்று ஜூனியர் பெண் பிறகு சொன்னாள். "அக்கா, நீங்க சீரியஸா பேசினது யாருக்கும் தெரியல." எல்லோரும் நேரில் இருந்தால் சமம், எல்லோரும் ஹெட்செட்டில் இருந்தாலும் சமம். பாதி அறையிலும் பாதி ஹெட்செட்டிலும் என்றால், ஹெட்செட்டில் இருப்பவர் வேண்டாத விருந்தாளி. இதைவிடச் சாதாரண வீடியோ கால் எவ்வளவோ மேல். அதில் என் நிஜ முகமாவது தெரியும்.

அடுத்தது டீக்கடை. எங்கள் அலுவலகத்தின் எதிரே ஒரு டீக்கடை உண்டு. ரிவ்யூ முடிந்ததும் குழாயில் ஏறும் பாரத்தை (ஸ்ட்ரெஸ்) கணக்குப் பார்க்கிறவர், ஸ்ட்ரக்சரல்காரர், பைப்பிங்காரர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். நானும் பல வருஷம் போயிருக்கிறேன். பாதி முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படும், பிறகுதான் மின்னஞ்சல் வரும், சில நேரம் அதுவும் வராது. நான் நெல்லையில் இருந்தபோது ஆலையில் உள்ள ஒரு பெரிய பாத்திரத்தின் நாசில், அதாவது குழாய் வந்து சேரும் வாய், அதன் திசையை 90 டிகிரி திருப்புவதென்று அப்படித்தான் முடிவானது. குழாய் சூடாகி நீளும்போது நாசில்மேல் விழும் பாரம் குறையும், அதனால் நல்ல முடிவுதான். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பழைய திசைக்கே ஐசோ டிராயிங்குகளை, அதாவது ஒவ்வொரு குழாய்க்கும் தனியாக வரையும் படங்களை, போட்டு அனுப்பிவிட்டேன். ரீவொர்க் செய்ய இரண்டு வாரம் போனது, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்த்து. வருஷக் கடைசி மதிப்பீட்டில் "தொலைவில் இருப்பதால் ஒருங்கிணைப்புக் குறைவு" என்று ஒரே வரி. சம்பள உயர்வு மற்றவர்களுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. ஹெட்செட் செலவையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது அது, ஏனென்றால் அடுத்தடுத்த வருஷ உயர்வும் அந்தக் குறைந்த சம்பளத்தின்மேல்தான் கணக்காகும். ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அம்மாவிடம்கூடக் கடுகடுவென்று விழுந்தேன்.

அதன்பின் நான் செய்ததைச் சொல்கிறேன், இதில் பலன் இருந்தது. ஒவ்வொரு ரிவ்யூ முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் சாதாரண போன் கால், ஹெட்செட் இல்லை, வீடியோ இல்லை. "நேத்து சாயங்காலம் ஏதாவது மாறிச்சா?" என்ற ஒரே கேள்வி. மூன்று துறைக்காரர்களிடமும் தனித்தனியாக. முதலில் சலித்துக்கொண்டார்கள், பிறகு அவர்களுக்கே வசதியாகிவிட்டது. டீக்கடையில் பேசியதை ஜூனியர் பெண் குரூப்பில் ஒரு வரி போடுவாள். எந்த மாற்றமும் மாடலின் கமெண்ட் பட்டியலில் ஏறாமல் டிராயிங்குக்கு வரக்கூடாது என்று மேலாளரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். இது நியாயமாக முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு. ஹெட்செட் இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதற்கு நடுவே இன்னோர் அடி. நாங்கள் பயன்படுத்திய ரிவ்யூ செயலியை நடத்தியவர்கள் அதை மூடப்போவதாகச் சில வார அவகாசத்தில் அறிவித்தார்கள். ரிவ்யூ குறிப்புகள், மாடலில் ஒட்டி வைத்த கமெண்ட்டுகள், சேமித்த பார்வைக் கோணங்கள் எல்லாம் அதற்குள். வெளியே எடுக்க வந்த கோப்பு பாதி திறக்கவில்லை. இந்தத் துறையில் இது அபூர்வம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 என்ற ஹெட்செட்டின் தயாரிப்பை 2024-ல் நிறுத்தியது. ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் அதை நம்பி எத்தனையோ பேர் பணம் போட்டிருந்தார்கள். மெட்டா 2021-ல் பெரிய எதிர்பார்ப்போடு கொண்டுவந்த ஹொரைசன் வொர்க்ரூம்ஸ் என்ற மெய்நிகர் அலுவலகச் செயலியை 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய நிறுவனங்களே இப்படி என்றால் சின்னச் செயலியை நம்பி ஒரு திட்டத்தின் நினைவு முழுவதையும் அதில் வைக்க முடியாது. இப்போது ஒவ்வொரு ரிவ்யூ அன்றும் சாயங்காலமே கமெண்ட்டுகளை எக்ஸலிலும், பிசிஎஃப் (BCF) என்ற பொதுவான கோப்பு வடிவத்திலும், கூடவே ஸ்கிரீன்ஷாட் போட்டு ஒரு பிடிஎஃப்பிலும் எடுத்து வைக்கிறோம். செயலி போனாலும் குறிப்பு இருக்கும்.

நேரில் போவதும் சும்மா கிடைக்கிற வரம் இல்லை. அம்மா தடியூன்றி நடக்க ஆரம்பித்ததும் மாதம் ஒரு வாரம் சென்னைக்குப் போக ஆரம்பித்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. அவசரம் என்றால் 2023-ல் வந்த வந்தே பாரத், எட்டு மணி நேரத்துக்குள். ரயில், தோழி வீட்டுக்கு வாங்கிப்போகும் அல்வா, ஆட்டோ, சாப்பாடு என்று ஒவ்வொரு தடவையும் ஐயாயிரம் ஆறாயிரம் ஆகும், ஊரில் அம்மாவுக்குத் துணை வைக்கும் பெண்ணின் கூலி தனி. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் அந்த வாரம் நான் வரைவது ஊரில் வரைவதைவிடக் குறைவுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைக்கும் தகவல் மற்ற மூன்று வாரத்துக்குப் போதும். யாருடைய திட்டம் தள்ளிப்போகிறது, யார் வேலையை விடப்போகிறார், கிளையன்ட் பக்கத்துப் புது ஆள் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் ஹெட்செட்டுக்குள் வருவதில்லை. ஒருமுறை கட்டுமானத் தளத்துக்கே போனேன். ஹெட்செட்டில் பலமுறை நடந்து பார்த்த அதே பம்ப் மேடை. உயரம், இடைவெளி எல்லாம் அச்சு அசல். ஆனால் மே மாத வெயிலில் அந்த இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை, பக்கத்தில் ஓடிய பம்பின் இரைச்சலில் எதிரே நின்றவர் கத்தியது காதில் விழவில்லை. ஆபரேட்டர் ஒருவர், "இந்த வால்வைத் திருப்ப நான் கையுறை போட்டிருப்பேன் மேடம், உங்க மாடல்ல கையுறை உண்டா?" என்று கேட்டார். ஹேண்ட்வீலைச் சுற்றி இன்னும் ஐம்பது மில்லிமீட்டர் இடம் விட்டேன்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். மாதம் ஒரு வாரம் சென்னை, போகவரச் செலவு அலுவலகத்துடையது. மற்ற நாள்களில் ஊரில் மானிட்டர், போன், சாதாரண வீடியோ கால். 60 சதவீத ரிவ்யூவுக்கும் 90 சதவீத ரிவ்யூவுக்கும் மட்டும் ஹெட்செட், அன்று எல்லாத் துறையிலும் ஒருவராவது கட்டாயம் மாட்ட வேண்டும். முடியாவிட்டால் அன்று யாருமே மாட்டுவதில்லை, வீடியோ காலிலேயே முடித்துக்கொள்கிறோம். 30 சதவீத ரிவ்யூவுக்கு ஹெட்செட் தேவையே இல்லை என்பது என் கருத்து. அப்போது பேச வேண்டியது பெரிய இடஒதுக்கீடு, அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். இதையெல்லாம் பேசி வாங்க எனக்கு ஒரு மதிப்பீட்டு வருஷம் பறிபோக வேண்டியிருந்தது. நீங்கள் சம்மதிக்கும் முன்பே கேளுங்கள்: கருவி யார் பெயரில், பழுதானால் யார் செலவு, தினம் அதிகபட்சம் எத்தனை மணி நேரம், அலுவலகத்தில் இருப்பவர்களும் மாட்டுவார்களா, ரிவ்யூவுக்கு வெளியே எடுக்கும் முடிவுகள் எப்படி வந்து சேரும், மதிப்பீட்டில் தொலைவு ஒரு குறையாக எழுதப்படுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் ஹெட்செட் வாங்கும் பணத்தை ரயில் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னுடைய பழைய ஹெட்செட்டைப் போன மாதம் கல்லூரியில் கேம் டிசைன் படிக்கும் ஒரு பையனுக்கு 17,000 ரூபாய்க்கு விற்றேன். உள்ளே பொருத்தும் லென்ஸ் என் பவருக்குச் செய்தது, அவனுக்கு ஆகாது என்று கழற்றி வைத்துக்கொண்டேன். புது ஹெட்செட் அலுவலகத்தின் பெயரில் வந்திருக்கிறது, அதற்கு இந்த லென்ஸ் பொருந்தாதாம். புதிதாகச் செய்ய ஆகும் 6,000 ரூபாய்க்கான பில்லை இந்தத் தடவை ஹெச்ஆருக்கு அனுப்பியிருக்கிறேன்.